கௌசர் குதித்த கண்டெய்னர்கள்

திருவொற்றியூரிலிருந்து தினமும் ரயிலில் ராயபுரத்துக்கு வேலைக்குப் போகும் கௌசருக்குக் குறை கண்டுபிடிப்பதுதான் பிழைப்பு. முன்பு ஒரு ஏற்றுமதி கம்பெனியில் சட்டைத் தையலைப் பார்த்தாள். நான்கு வருடமாக மகிழினி நடத்தும் சின்ன வீடியோ கேம் கம்பெனியில் விளையாடிப் பார்த்துச் சொல்கிறாள். பொம்மை ஓடும், பள்ளம் வந்தால் தாவும், ஒரு மேடையிலிருந்து அடுத்த மேடைக்கு ஏறும். அந்த வகை கேமில் அவளை ஜெயிக்க அங்கே ஆளில்லை.

இந்த வருடம் மகிழினி வி.ஆர். என்கிற மெய்நிகர் கேம் பக்கம் திரும்பினாள். ஹெட்செட்டைத் தலையில் மாட்டினால் துறைமுகத்தில், கண்டெய்னர் அடுக்குகளின் உச்சியில் நிற்போம். பொம்மையின் கண்தான் நம் கண். கௌசர் முதல் தாவு தாவினாள். கால் தரையிலேயே இருக்க, கண் மட்டும் பறந்தது. ஹெட்செட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு பாத்ரூமுக்கு ஓடினாள்.

"இன்னாச்சு கௌசர்?" என்றாள் மகிழினி.

"காலைல துன்னது ஒத்துக்கலக்கா."

மூன்று வாரம் இதே பொய். ரிப்போர்ட்டில் 'குறை இல்லை' என்று எழுதினாள். சட்டைக்குக்கூட அவள் அப்படிப் பார்க்காமல் எழுதிக் கொடுத்ததில்லை. மாலையில் வீட்டுக்கு வந்ததும் சுருண்டு படுத்துவிடுவாள். சோறு இறங்காது.

எண்ணூரில் வெல்டராக இருக்கும் கணவன் ரஷீது, ஒருநாள் மெல்ல அருகில் வந்து உட்கார்ந்தான். "இன்னா, விசேஷமா? எங்கம்மா வேற கேட்டுகினே கீது."

கௌசருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதாள். எல்லாவற்றையும் சொன்னாள். "எனக்கு ஒத்துக்கலன்னு சொன்னா வேற ஆளப் போட்டுருவாங்க."

"தப்பு கண்டுபுடிக்கத்தான உன்ன வெச்சிருக்காங்க? போய்ச் சொல்லு."

மறுநாள் போனவுடன் சொன்னாள். மகிழினி மேஜை டிராயரைத் திறந்தாள். உள்ளே வாந்திக்குப் போடும் மாத்திரை, பாதி காலியான அட்டை.

"நானும் தினம் இத்தப் போட்டுகினுதான் மாட்டுறேன். நீ ஒண்ணும் சொல்லலியா, எனக்குத்தான் ஒடம்பு சரியில்லன்னு நெனச்சிகினு இருந்தேன்."

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் மற்றவர்கள் எழுந்து வந்துவிட்டார்கள்.

"அக்கா, என்னப் பொம்மைக்குள்ள போடாத," என்றாள் கௌசர். "அது குதிக்கட்டும். நான் பக்கத்துல நிக்கிறேன்."

பத்து நாளில் மாற்றிக் கொடுத்தார்கள். இப்போது துறைமுகம் அவள் இடுப்பு உயரத்துக்கு வந்திருந்தது. சுண்டுவிரல் அளவுப் பொம்மை கண்டெய்னர் மேல் ஓடியது. ஓர் அடுக்குக்குப் பின்னால் அது மறைந்தபோது, கௌசர் தன்னை அறியாமல் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தாள். டிவியில் அப்படிப் பார்க்க முடியாது. தாவ முடியாத இடைவெளி ஒன்று வந்தது. கை நீட்டி கிரேன் கொக்கியைப் பிடித்து நடுவில் இறக்கினாள். பொம்மை அதில் தொற்றி அந்தப் பக்கம் போய்விட்டது. "ஹை!" என்று கத்தினாள்.

நாற்பது நிமிஷம் கழித்துத்தான் ஹெட்செட்டைக் கழற்றினாள். ஆபீஸில் இருந்த ஆறு பேரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னா பண்ணுது?" என்றாள் மகிழினி, பயந்தபடி.

"பசிக்குதுக்கா."

வெயிலைப் பார்க்காமல் எல்லோரும் இறங்கிப்போய் தெருக்கடையில் பர்மா நூடுல்ஸ், அத்தோ சாப்பிட்டார்கள். கௌசர் இரண்டாவது பிளேட்டும் வாங்கினாள்.