கண்ணாடியில் இல்லாத கறை

காலை ஆறு இருபது. திருத்தங்கல் வீட்டில் அண்ணன் சவரக் கண்ணாடியை வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்தார், பார்த்தார், மறுபடி துடைத்தார். கண்ணாடியில் ஒன்றும் இல்லை.

"புகை மாதிரி என்னமோ மிதக்குதுலே," என்றார். வலது கண்ணில் மட்டும். அது லேசாகச் சிவந்தும் இருந்தது.

மதுரையில் பத்திரிகை நிருபர் வேலையிலிருந்த நான் விடுப்பில் வந்திருந்தேன். அண்ணனுக்கு அச்சகத்தில், பட்டாசுப் பெட்டி லேபிள்களில் வண்ணம் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் வேலை. கண் போனால் அது போகும். எங்கள் பக்கம் கண் சிவந்தால் பட்டாசு மருந்துத்தூள் என்பதுதான் முதல் பேச்சு. கம்பவுண்டர் இரண்டு நாள் கண்ணைக் கழுவினார். மூன்றாம் நாள் புகை திரையாயிற்று. அண்ணன், மதினி, நான் மூவரும் மதுரைக்கு பஸ் ஏறினோம்.

கண் ஆஸ்பத்திரி டாக்டர் விளக்கை வைத்து நெடுநேரம் பார்த்தார். தூள் இல்லை, உள்ளே விழித்திரை ஓரத்தில் வெளுத்திருக்கிறது என்றார். கண்ணில் இறங்கிய காசநோயா வேறு ஏதாவதா, அவருக்கே பிடிபடவில்லை.

"சமீபத்துல ஏதாவது நோய் வந்துதா?"

"ஒண்ணும் இல்லீக ஐயா," என்றார் மதினி. அண்ணனும் இல்லை என்று தலையசைத்தார்.

அண்ணனை அங்கேயே சேர்த்துக்கொண்டார்கள். தினமும் டாக்டர் கேஸ் ஷீட்டில் ஒரு வட்டம் வரைந்து, வெளுத்த இடத்தை நீலப் பென்சிலால் தீட்டுவார். அழற்சி அடங்கக் கார்ட்டிசோன் ஊசி போட்டும் நீலம் நடுவை நோக்கி வந்துகொண்டே இருந்தது. ஐந்தாம் நாள் அண்ணனின் நெற்றித் தழும்புகளில் அவர் விளக்கு நின்றது.

"இது என்ன?"

"அதுவா? ஆத்தா வந்துட்டுப் போனா. தலைக்குத் தண்ணி ஊத்தி மூணு வாரமாச்சு," என்றார் மதினி.

"அம்மை. கேட்டப்ப ஏன் சொல்லலை?"

"நீங்க நோயின்னுல்ல கேட்டீக."

எனக்கும் அது தோன்றவில்லை. நான் கேள்வி கேட்டுச் சம்பளம் வாங்குபவன்.

டாக்டர் பென்சிலைக் கீழே வைத்தார். அம்மை வைரஸ் கண்ணுக்குள் போயிருக்கலாம் என்றார். அப்படியானால், உடம்பின் எதிர்ப்புச் சக்தியையும் குறைக்கும் இந்த ஊசி நல்லதா கெட்டதா என்று கேட்டேன்.

"தெரியலை."

அன்று ஊசியை நிறுத்தினார். மறுநாள் பாதி அளவில் மறுபடி போட்டார். இடது கண்ணுக்கும் வருமா என்றதற்கும் அதே பதில்தான்.

அண்ணன் சட்டைப் பையில் ஒரு லேபிள் வைத்திருந்தார். காலையில் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு அதைப் பார்ப்பார்.

"இந்தச் சிவப்பு நல்ல சிவப்புத்தானலே?"

"நல்ல சிவப்புத்தான்."

பன்னிரண்டாம் நாள் வலது கண்ணுக்கு வெளிச்சம் மட்டும் தெரிந்தது. ஊருக்கு அனுப்பியபோது தந்த தாளில், காரணம் என்ற இடத்தில் கேள்விக்குறி இருந்தது.

இடது கண்ணுக்குக் கடைசிவரை எதுவும் வரவில்லை.