வேர்வையில் இருக்கிற மருந்தும் என் சுண்டுவிரலும்

போன வாரம் இந்தப் பக்கத்தில் நான் வரவில்லை. உங்களில் சிலர் போன் செய்து விசாரித்தீர்கள். விழுப்புரத்து வாசகர் ஒருவர் மட்டும், "பரவால்ல சார், நிதானமா வாங்க" என்றார். அவர் குரலில் கொஞ்சம் நிம்மதி தெரிந்ததோ என்று எனக்குச் சந்தேகம்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கட்டுரை எழுதினேன். அனுப்பியும் விட்டேன். மூன்று நாள் கழித்து, புதுச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்க, நானே உதவி ஆசிரியருக்குப் போன் போட்டு அதை நிறுத்தினேன்.

"ஏன் சார்? நல்லாத்தானே இருந்துச்சு... 'உடம்புக்குள் ஒரு மருந்துக்கடை'ன்னு தலைப்பெல்லாம் போட்டு—"

"அந்தக் கடையை நம்பினவன்தான் இப்ப இங்க படுத்திருக்கேன். எடுத்துடுங்க."

நடந்தது இதுதான்.

மரக்காணத்தில் என் நண்பர் அனீபா. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்ச். இருபது வருஷம் சவுதியில் இருந்துவிட்டு வந்து, ஈ.சி.ஆர். ஓரம் ஹார்டுவேர் கடை நடத்துகிறார். அவர் மகள் ரிஸ்வானா சென்னையில் ஆராய்ச்சி மாணவி. ஒருநாள் அனீபா என்னைக் கடைக்குள் கூப்பிட்டு, பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால் ஒதுக்கி நிறுத்திக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்பா, ஒரு உதவி. வெளிய சொல்லிக்காத. பொண்ணுக்கு வேர்வை வேணுமாம்."

"என்ன வேணுமாம்?"

"வேர்வைப்பா. உப்பளத்துல வேலை செய்றவங்க வேர்வை. அதை வச்சுத்தான் டாக்டர் பட்டமாம். நான் அங்க பாலைவனத்துல ஊத்துன வேர்வைய ஒருத்தனும் திரும்பிப் பாக்கல. இப்ப நான் போயி எப்படிக் கேக்குறது? நீ பத்திரிகையில எழுதுற ஆளு. நீ கேட்டா மரியாதையா இருக்கும்."

அடுத்தவர் வேர்வையை மரியாதையாகக் கேட்பது எப்படி? முப்பது வருஷம் எழுதியும் எனக்கு அது தெரியாது. ஆனாலும் மறுநாள் காலை ரிஸ்வானாவோடு உப்பளத்துக்குப் போனேன்.

உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்களில் மூத்தவர் அஞ்சலை. அவர் சரி என்றால் எல்லோரும் சரி. நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, விஞ்ஞான வளர்ச்சியில் உழைக்கும் மக்களின் பங்கு என்று ஆரம்பித்தேன்.

"என்னா வேணும்னு சொல்லுங்க சார். வெயில் ஏறுது."

ரிஸ்வானா என்னை விலக்கிவிட்டு முன்னால் வந்தாள்.

"அக்கா, உங்க வேர்வை கொஞ்சம் வேணும். முதுகுல சின்னதா ஒரு பஞ்சு ஒட்டுவேன். அரை மணி நேரத்துல எடுத்துடுவேன். வலிக்காது."

மற்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அஞ்சலை சிரிக்கவில்லை.

"எங்க முதலாளி கூட இதைக் கேட்டதில்ல. எதுக்கு பாப்பா?"

அதற்கு அந்தப் பெண் சொன்ன பதில்தான் என்னைக் கவிழ்த்தது. நம் தோல் சும்மா மூடிக்கொண்டிருக்கிற போர்வை இல்லையாம். அது கிருமியைக் கொல்கிற மருந்தைத் தானே தயாரிக்கிறதாம். பெப்டைடு என்று பெயர் — புரதத்தின் சின்னத் துண்டு. கண்ணீரில், எச்சிலில், குடலில், எங்கும் உண்டு. தவளையின் தோலில்கூட உண்டு. கிருமி வந்து உட்கார்ந்தால் அதன் மேலுறையில் ஓட்டை போட்டுவிடும். உள்ளே இருப்பது வெளியே ஒழுகி, கிருமி காலி.

"தடுப்பூசி போட்டா உடம்பு அந்தக் கிருமிய அடையாளம் பாத்துப் படிச்சுக்கும். அதுக்கு நாளாகும்" என்றாள் ரிஸ்வானா. "இது அப்படி இல்லக்கா. வந்தவன் யாருன்னு கேக்காது. பிறந்ததுலேருந்தே தயாரா இருக்கும்."

"சரி, எங்க வேர்வை எதுக்கு? ஊர்ல எல்லாருக்கும்தானே வேர்க்குது?"

"இந்த மாதிரி மருந்துல பலது உப்பு அதிகமானா வேலை செய்யாது. வேர்வையில இருக்கிற ஒண்ணு மட்டும் உப்புலயும் வேலை செய்யும். நீங்க நாள் பூரா உப்புலயே நிக்கிறீங்க. உங்க தோல் எப்படிச் சமாளிக்குதுன்னு பாக்கணும்."

அஞ்சலை யோசித்தார். பிறகு கையெழுத்துக்காக நீட்டிய தாளைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"இதுல எழுதிக் குடுத்தா நாளைக்கு வேலைக்கு ஏதாவது பிரச்சனை வருமா?"

"வராதுக்கா. உங்க பேரே இருக்காது. ஒரு நம்பர்தான். புடிக்கலைன்னா எப்ப வேணா வேணாம்னு சொல்லிடலாம்."

அஞ்சலை கையெழுத்துப் போட்டார். அடுத்த நிமிஷம் ஆறு பெண்கள் வரிசையில் நின்றார்கள். எனக்கு அங்கே வேலை இல்லாமல் போயிற்று. சரி, உப்புக் குவியலோடு ஒரு போட்டோ எடுத்துக்கொள்வோம் என்று, செருப்பைக் கழற்றி விட்டு வரப்பில் நடந்தேன்.

நான் போன பிறகு அஞ்சலை ரிஸ்வானாவிடம் இன்னொன்றும் கேட்டிருக்கிறார். "உடம்புல அவ்ளோ மருந்து இருக்குதுன்னா எங்க கால்ல ஏன் புண்ணு வருது?" மிக நல்ல கேள்வி. அதற்கு ரிஸ்வானா நிதானமாகப் பதிலும் சொல்லியிருக்கிறாள். அந்தப் பதில் சொல்லப்பட்ட நேரத்தில் நான் உப்புக் குவியல் முன்னால் நின்று, எந்தப் பக்கம் திரும்பினால் தொப்பை தெரியாது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்ததும் அஞ்சலை என் காலையே பார்த்தார்.

"சார், கால்ல ரத்தம்."

குனிந்து பார்த்தேன். வந்த வழியெல்லாம் வெள்ளை உப்பில் சிவப்புப் பொட்டுகள். வலது சுண்டுவிரலுக்கு அடியில் கிளிஞ்சலோ எதுவோ கிழித்திருந்தது. வலியே இல்லை. அதை வீரம் என்று நினைத்துக்கொண்டேன். அஞ்சலை தன் குடிதண்ணீர் பாட்டிலைத் திறந்து காலில் ஊற்றிக் கழுவிவிட்டார்.

"போற வழியில ஊசி போட்டுக்குங்க சார்."

"அதெல்லாம் வேணாம்மா. இப்பதானே கேட்டோம்... உள்ளயே மருந்து இருக்குதே."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு வேலைக்குத் திரும்பினார்.

அடுத்த இரண்டு நாள் நான் மரக்காணத்தில் பெப்டைடு பற்றிப் பேசாத இடம் இல்லை. டீக்கடையில் பேசினேன். சலூனில் பாதி ஷேவிங்கில் பேசினேன். கட்டுரையும் எழுதி அனுப்பினேன். மூன்றாம் நாள் விரல் சிவந்து வீங்கியது. இது பெப்டைடு தீவிரமாக வேலை செய்கிற அறிகுறி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாலாம் நாள் செருப்பு நுழையவில்லை.

அந்த நேரம் ஒரு புத்திசாலி என்ன செய்வான்? மனைவிக்குத் தெரியாமல் இருக்க சாக்ஸ் போட்டுக்கொண்டேன்.

"ஏங்க, இந்த வெயில்ல வீட்டுக்குள்ள எதுக்கு சாக்ஸ்?" என்றாள் வசந்தா.

"கொசு."

"கொசு காலை மட்டும்தான் கடிக்குதா?"

அன்று மத்தியானம் ரிஸ்வானா வீட்டுக்கு வந்தாள். உதவி செய்ததற்கு நன்றியாக அவள் அம்மா பிரியாணி கொடுத்தனுப்பியிருந்தார். பாத்திரத்தை மேஜையில் வைத்தவள், என் காலைப் பார்த்தாள். ஒற்றைச் சாக்ஸில் மஞ்சளாக ஈரம் கசிந்திருந்தது.

"அங்கிள், சாக்ஸைக் கழட்டுங்க."

கழற்றினேன். பிரியாணி வாசனையையும் மீறி ஒரு வாடை வந்தது. வசந்தா நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்களுக்கு சுகர் இருக்குதா அங்கிள்?"

"கொஞ்சூண்டு."

"கொஞ்சூண்டா?" என்றாள் வசந்தா. "போன மாசம் முந்நூறும்மா. மாத்திரையும் ஒழுங்கா போடுறதில்ல."

ரிஸ்வானாவுக்குக் கோபம் வந்து அன்றுதான் பார்த்தேன்.

"அந்த மருந்து முதல் ஆள்தான் அங்கிள். அதுவே எல்லாத்தையும் பாத்துக்காது. காயம் ஆழமா இருந்தா அதால தனியா முடியாது, டாக்டர்கிட்ட போயிடணும்னு அஞ்சலை அக்காகிட்ட சொன்னேன். அதுவும் சுகர் ஏறிப்போன உடம்புல, புண்ணு இருக்கிற எடத்துல அது வேணுங்கிற அளவுக்குச் சுரக்காது. நரம்பும் மரத்துடும். அதான் வலி தெரியல. நான் சொன்னதுல பாதியக் கேட்டுட்டு, மீதிய நீங்களே எழுதிட்டீங்க."

எத்தனையோ விமர்சகர்கள் என்னைத் திட்டியிருக்கிறார்கள். இவ்வளவு சரியாக யாரும் திட்டியதில்லை.

அனீபாவின் வேனில் புதுச்சேரி போய்ச் சேர்ந்தோம். டாக்டர் விரலை அழுத்திப் பார்த்துவிட்டு வசந்தாவிடம்தான் பேசினார், என்னிடம் இல்லை. "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா விரலை எடுக்க வேண்டியிருக்கும். இப்பவும் உறுதி சொல்ல முடியாது. பாப்போம்."

அந்த 'பாப்போம்' நாலு நாள் நீடித்தது. பக்கத்துக் கட்டில்காரர் அனுமந்தையைச் சேர்ந்தவர், மீன் வியாபாரி. அவருக்கு இடது காலில் இரண்டு விரல் இல்லை. எப்படி ஆயிற்று என்று கேட்டேன்.

"சின்ன முள்ளுதாங்க" என்றார்.

நான் போர்வையை விலக்கி என் காலைப் பார்த்தேன். தினமும் கழுவித் துடைக்கிற செருப்பு அளவுக்குக்கூட என் கால்களை நான் இதுவரை கவனித்ததில்லை என்று அன்று தோன்றியது. வசந்தா என்னைத் திட்டவே இல்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

அஞ்சாம் நாள் டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்து, "பொழச்சுக்கிச்சு" என்றார். என்னைச் சொன்னாரா விரலைச் சொன்னாரா, தெரியவில்லை. வசந்தா அப்போதுதான் அழுதாள். அழுது முடித்த கையோடு திட்டத் தொடங்கினாள். நாலு நாள் பாக்கியையும் சேர்த்து.

இப்போது வீட்டில் இருக்கிறேன். மாத்திரையை வசந்தா கையால் கொடுத்து, நான் விழுங்குகிறவரை நின்று பார்க்கிறாள். நேற்று ரிஸ்வானா வந்திருந்தாள்.

"அங்கிள், சுகர் உள்ளவங்க வேர்வையும் கொஞ்சம் வேணும். ஒப்பிட்டுப் பாக்கணும். தருவீங்களா?"

பெருமையாக இருந்தது. ஃபேனை நிறுத்திவிட்டு முதுகில் பஞ்சோடு உட்கார்ந்தேன். ஆராய்ச்சிக் கட்டுரையில் என் பெயரை எந்த இனிஷியலோடு போட வேண்டும் என்று அவளுக்கு விளக்கினேன். அவள் நம்பர்தான் போடுவோம் என்றாள். பதினேழு.

என் எழுத்து வாழ்க்கையில் பெயர் இல்லாமல் நான் செய்த ஒரே பங்களிப்பு இதுதான். ஒருவேளை உருப்படியானதும் இதுவாகவே இருக்கலாம்.

உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. காயம் பட்டால் முதலில் வீட்டில் சொல்லுங்கள் — பெப்டைடு அதுபாட்டுக்கு வரும்.