அண்ணன் பேச்சுக்கு ஓர் இயந்திரம்

பக்கவாதத்தில் அண்ணனின் வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்ட பிறகு, அவர் பேசுவது எனக்கு மட்டும்தான் முக்கால்வாசி புரிந்தது. குவீன் தெருத் துணிக்கடையில் இருபது வருடம் வாயால் பிழைத்த மனிதர்.

எனக்கு பாயான் லெப்பாஸில் ஒரு பெரிய கம்பெனியின் ஆராய்ச்சிப் பிரிவில் வேலை. குழறும் பேச்சைத் தெளிவான குரலாக மாற்றும் மென்பொருளை மூன்று பேர் செய்துகொண்டிருந்தோம். இரண்டு வருடம், சனிக்கிழமைதோறும் அண்ணன் என் மைக்கின் முன் உட்கார்ந்து பேசினார். "இது முடிஞ்சா நான் கடைக்குப் போயிரலாம்லா," என்பார். போகலாம் என்று நானும் சொல்லிவைத்தேன்.

கம்பெனியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மேலிடத்துக்கு எதையாவது இயக்கிக் காட்ட வேண்டும். காட்டாத ஆராய்ச்சிக்கு ஆயுசு கிடையாது. எங்களிடம் ஒழுங்காக ஓடியது முதல் படி மட்டுமே: எது குழறல், எது தெளிவு என்று பிரிப்பது. மாற்றுவது இன்னும் தகராறு. இருப்பதைக் காட்டி வாயை அடைப்போம் என்று யோசனை சொன்னது நான்தான். பெரிய புத்திசாலி என்று நினைப்பு.

விற்பனைப் பிரிவின் தலைவிக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. "இதுவே போதும்லா, மிச்சம் எதுக்கு?" என்றார். வங்கிகளின் கால் சென்டர்களுக்கு விற்கலாமாம். குழறும் அழைப்பைக் கண்டுபிடித்து, பணியாளரின் நேரம் வீணாகாதபடி வரிசையின் கடைசிக்குத் தள்ளிவிடும். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. ஆராய்ச்சியை மூடிவிட்டு எங்களுக்குக் கேக் வெட்டினார்கள். தின்றேன். நன்றாகத்தான் இருந்தது. கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. அழுகையும் வரவில்லை.

அந்தச் சனிக்கிழமை, டத்தோ கிராமாட் சாலை வீட்டில் அண்ணன் வழக்கம்போல் சட்டை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். மைக்கை நான் எடுத்துவரவில்லை.

"கம்பெனி நிறுத்திருச்சுண்ணே. உங்க குரல வச்சு வேற ஒண்ணு செஞ்சு விக்கப் போறாங்க."

"அது என்னா செய்யும்?" என்று கேட்டார். அது மட்டும் எனக்குத் தெளிவாகவே விழுந்தது. மறைக்கத் தெம்பில்லை, உள்ளதைச் சொன்னேன்.

அவர் வெகுநேரம் பேசினார். எச்சில் வழிந்தது. ஒரு வார்த்தைகூட எனக்குப் பிடிபடவில்லை. மறுபடி சொல்லுங்கண்ணே என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எல்லாம் புரிந்ததுபோல், அவர் முடிக்கும்வரை தலையாட்டிக்கொண்டிருந்தேன்.