செல்வியிடம் கேட்காமல் எழுதிய கதை

மகள் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள். புதிதாக எழுத வருகிறவர்களுக்கு யாரோ ஒருவர் அதில் யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். "உங்களைச் சுற்றி இருப்பவர்களைக் கூச்சப்படாமல் எழுதுங்கள். அவர்கள் வாழ்க்கைதான் உங்கள் மூலதனம்." கரண்டியைத் தூக்கி எறிந்தேன் என்று எழுதினால் நாடகமாக இருக்கும். எறியவில்லை. ஆனால் அடுப்பிலிருந்த கத்தரிக்காய்க் கொத்சு அடிப்பிடித்துவிட்டது.

மகள் கல்லூரியில் முதல் வருடம். விடுதித் தோழியின் வீட்டு விவகாரம் ஒன்றைக் கதையாக்கி, போட்டிக்கு அனுப்ப வைத்திருக்கிறாள்.

"அவகிட்ட கேட்டியா?"

"கதைதானம்மா. அவ எங்க படிக்கப் போறா?"

அதே வாக்கியத்தை அதே அலட்சியத்தோடு நானும் ஒரு காலத்தில் மனசுக்குள் சொல்லியிருக்கிறேன்.

கருகிய கத்தரிக்காய் வாசனை என்னைச் சிதம்பரத்துக்கு இழுத்துப் போய்விட்டது. தெற்கு வீதிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். இரண்டு நாள் எழுத்துப் பட்டறை. காலையில் இட்லி, கொத்சு; பிறகு உபதேசம். வெளியூரிலிருந்து வந்திருந்த பயிற்சியாளர் பளபளக்கும் ஷூ போட்டிருந்தார். அவர் சொன்னதில் பாதி நல்ல யோசனை. தினமும் ஒரு பக்கம் எழுது, எழுதியதை உரக்கப் படி, நாக்கு தடுக்கும் இடத்தில் வெட்டு. இன்றுவரை அதைத்தான் செய்கிறேன். அதனால்தான் அந்த ஆள்மேல் கோபம் இன்னும் ஜாஸ்தி.

அப்போது நான் கடலூரில் ஒரு சிறிய நிவாரண அமைப்பில் வேலை பார்த்தேன். சுனாமிக்குப் பிறகு தேவனாம்பட்டினத்தில் மகளிர் குழுக்கள் அமைப்பது வேலை. பட்டதாரி என்ற மிதப்பும் ஒரு நீள நோட்டும் என்னிடம் இருந்தன. நோட்டாவது உபயோகப்பட்டது.

என்னைத் தூரத்தில் பார்த்ததுமே செல்வி குரல் கொடுப்பாள். "வந்துட்டா பாரு நோட்டுக்காரி! ஒனக்கு மாப்ள பாத்தாங்களா, இல்ல அதுக்கும் எங்ககிட்டதான் கையெழுத்து வாங்கணுமா?" என் வயசுதான் அவளுக்கு. அலை அவள் புருஷனைக் கொண்டுபோயிருந்தது. பிள்ளை இல்லை. மாமியாரும் அவளும் ஒரே வீட்டில் இருந்தார்கள். அந்த அம்மா கருவாடு காயப்போடுவார், இவள் கூடையில் மீன் விற்கப் போவாள். ஒரே தட்டில் சோறு போட்டுப் பேசிக்கொண்டே இரண்டு பேரும் சாப்பிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

ஒருநாள் வலை உலர்த்தும் இடத்தில் உட்கார்ந்திருந்தபோது செல்வி தணிந்த குரலில் சொன்னாள். "ஒங்கிட்ட சொல்றதுக்கு என்னா. அவுரு போனப்புறந்தான் நான் கால நீட்டித் தூங்கறேன். முன்னெல்லாம் எந்தப் பக்கம் ஒத விழும்னு சுருண்டுதான் கெடப்பேன். அத்தைக்கு இது தெரிஞ்சா ஒடஞ்சி போயிடும்."

பட்டறையில் அதை எழுதினேன். பெயரை மல்லிகா என்று மாற்றியிருந்தேன். பயிற்சியாளர் படித்துவிட்டு, அது நிஜப் பெயர் இல்லை என்று நான் சொன்னதும், "பேரை மாத்துனா உயிர் போயிடும்மா. நெசத்த எழுத தைரியம் வேணும்" என்றார். நாற்பது பேர் முன்னால் என்னைத் தைரியசாலி என்று ஒருவர் சொல்கிறார்; அந்த வயதில் அது போதையாக இருந்தது. மல்லிகாவை அடித்துவிட்டுச் செல்வி என்று எழுதியது என் கைதான். அவர் என் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை.

கதை ஒரு தொகுப்பில் வந்தது. அச்சு மை வாசனை போகாத பிரதி ஒன்றை எடுத்துக்கொண்டு தேவனாம்பட்டினம் போனேன். அச்சில் என் பெயரைக் காட்டும் ஆசை. அட்டையைப் பார்த்துவிட்டுப் பெட்டியில் வைத்துவிடுவார்கள், இங்கே யார் கதை படிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். இதை எழுதவே கூசுகிறது.

குழுக் கூட்டத்தில் பிரதியை வாங்கிய தலைவி வசந்தாக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "பத்து நிமிஷம் இருங்கடி, படிச்சிடறேன்."

"வேணாங்க்கா, அப்புறம் பாத்துக்கலாம்."

"நீதான சொல்லிக் குடுத்த? அச்சடிச்சி வந்தது எதுவா இருந்தாலும் எல்லாருக்கும் படிச்சிக் காட்டாம பெட்டில வெக்கக் கூடாதுன்னு?"

நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். எவனும் ஏமாற்றிவிடக் கூடாதென்று, வங்கித் தாள் முதல் திட்ட நோட்டீஸ் வரை கூட்டத்தில் படிக்கும் பழக்கத்தை நானே ஏற்படுத்தினேன். வசந்தாக்கா எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தார். செல்வி பேர் வந்ததும் பெண்கள் சிரித்துக்கொண்டே அவளை இடித்தார்கள். கால் நீட்டித் தூங்கும் அந்த வரி வந்தபோது அதையும் பாதிக்கு மேல் படித்துவிட்டுத்தான் வசந்தாக்காவுக்குப் புரிந்தது. பாய் ஓரத்தில் உட்கார்ந்திருந்த மாமியார் எழுந்து, புடவையை உதறிக்கொண்டு போனார்.

செல்வி அழவில்லை. "இங்க வந்தவங்க எல்லாரும் எதுனா குடுத்துட்டுப் போனாங்க. அரிசி, பொடவ, பானை. நீ ஒருத்திதான் எடுத்துக்கினு போயிட்ட."

அந்த மாதமே அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். அந்தத் தெருவுக்குப் போக எனக்குத் தைரியம் வரவில்லை. தைரியத்துக்குத்தான் மண்டபத்தில் கைதட்டல் வாங்கினேன்.

இதையெல்லாம் மகளிடம் சொன்னேன். அவள் கேட்டாள். "அப்ப எழுதவே கூடாதா?"

"எழுது. எழுதிட்டு அவ எதிர்ல ஒக்காந்து படி. படிக்க வாய் வரலன்னா அனுப்பாத."

"அவ வேணான்னுட்டா?"

"ஒரு கதை போவும்."

"நல்ல கதைம்மா."

"என்னுதும் நல்ல கதைதான்."

முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு போனாள். அனுப்பினாளா, இல்லையா, தெரியாது. நீங்களும் எழுத நினைப்பவராக இருந்தால், என்னிடம் இருக்கிற ஒரே யோசனை இதுதான். கைப்பேசிக்காரர் இதைச் சொல்ல மாட்டார்.

மகளிடம் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. 2012இல், முந்தைய டிசம்பரில் அடித்த புயல் ஓய்ந்த சில மாதங்களில், ஒருவழியாகத் தேவனாம்பட்டினம் போனேன். புதுக் குடியிருப்பில் செல்வியின் மாமியார் மட்டும் இருந்தார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"எம்புள்ள எப்படியாப்பட்டவன்னு எனக்குத் தெரியாதா? அவ முதுவுல மஞ்சள் அரைச்சிப் போட்டவளே நான்தான். செத்தவன ஊரு பேசக் கூடாதுன்னு ரெண்டு பேரும் வாயத் தொறக்காம ஒன்னாக் கெடந்தோம். ஊருக்கே தெரிஞ்சப்புறம் எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு அவ இங்க இருப்பா, எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு நான் கூப்புடுவேன்?"

அலைகூட அந்த இரண்டு பெண்களையும் பிரிக்கவில்லை. அவர்கள் பேசாமலே காப்பாற்றி வந்தது இப்போது ஒரு புத்தகத்தின் நாற்பத்தோராம் பக்கத்தில் இருக்கிறது. அந்த வீட்டில் ஒருவர் மட்டும் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.