லஸ்கர் அமிர்தலிங்கத்தின் இரண்டு மணி நேரம்

கடிகாரத்தில் கால் மணி ஆனதும் அமிர்தலிங்கம் இடப்பக்கம் புரண்டு படுப்பார். அடுத்த கால் மணியில் குப்புற. அதற்கடுத்து வலப்பக்கம், பிறகு மல்லாக்க. தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனையின் இரண்டாம் மாடியில், வாரத்தில் ஒருநாள், இரண்டு மணி நேரம் இதே வேலை. “ரோட்டுல நெல்லு காயப்போட்டா கிளறி விடணும்ல? அந்தக் கதைதான். எல்லாப் பக்கமும் படணும்” என்று பக்கத்துக் கட்டில்காரரிடம் சொல்லிக்கொண்டே புரள்வார்.

பட வேண்டிய இடம் அவருடைய சிறுநீர்ப்பையின் உட்சுவர். அங்கே முளைத்திருந்த புற்றுக்கட்டியைச் சுரண்டி எடுத்தாயிற்று. மறுபடி முளைக்காமலிருக்கக் குழாய் வழியே மருந்து விடுகிறார்கள். ஆறு வாரம், ஆறு முறை. பலிக்காவிட்டால் பையையே எடுத்துவிட்டு, வயிற்றில் துளை போட்டு வெளியே ஒரு பை மாட்ட வேண்டிவரும் என்று டாக்டர் ஷைலஜா மறைக்காமல் சொல்லிவிட்டார்.

ஒரத்தநாட்டுப் பக்கம் ஒரு வாய்க்கால் தலைப்பில் அமிர்தலிங்கம் லஸ்கர். ஆற்றிலிருந்து தண்ணீர் பிரியும் இடத்தில் ஷட்டரை ஏற்றுவதும் இறக்குவதும், நீர்மட்டத்தைப் பார்த்து நோட்டில் எழுதுவதும் முப்பது வருட வேலை. ஷட்டரை மூடியதும் கீழே ஒரு வைக்கோல் துரும்பைப் போட்டுப் பார்ப்பார். துரும்பு நகர்ந்தால் கசிவு. இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு ஷட்டர் சக்கரத்தை எப்படிச் சுற்றுவது? அதுதான் அவருடைய பயமெல்லாம்.

மருந்து இன்னதென்று தெரிந்த அன்று துள்ளிவிட்டார். பிறந்த குழந்தைக்குத் தோளில் குத்துகிற அதே காசநோய்த் தடுப்பூசிக் கிருமி! உயிருள்ளது, ஆனால் வலுவிழந்தது.

“காசத்துக்குப் போடுறது கேன்சருக்கு எப்படிங்கம்மா கேக்கும்?”

ஷைலஜா விளக்கினார். நம் செல்களில் ஏற்பிகள் உண்டு. கிருமியின் மேலுறை பட்டதுமே அவை அபாய மணி அடித்துவிடும். முன்பின் பழக்கம் தேவையில்லை, பிறவியிலேயே தெரியும். புற்றுச் செல் நம் உடம்பிலேயே பிறந்தது, அதனால் அதைக் கண்டு மணி சரியாக அடிப்பதில்லை.

அமிர்தலிங்கம் அதை வாங்கித் தன் வாய்க்காலில் விட்டுக்கொண்டார். டீக்கடையில் யார் அகப்பட்டாலும் ஆரம்பித்துவிடுவார். “கரையில திருட்டு மடை வெட்டுறவன் உள்ளூர்க்காரன். மாமாங்கிறான், நாமளும் பாத்தும் பாக்காத மாதிரி போயிடுறோம். அதே எடத்துல முன்னபின்ன தெரியாத ஒருத்தன் மம்பட்டியோட நின்னா கத்துவோம்ல? ஊரே ஓடி வரும். வந்த எடத்துல உள்ளூர்க்காரனும் மாட்டிக்குவான்!”

கரையில் கத்துகிறவன் ஓயாமல் கத்தினால் என்ன ஆகும் என்று ஷைலஜாவிடம் கேட்டதும் அவர்தான். “வருஷக்கணக்கா கத்திக்கிட்டே இருந்தா புண்ணு ஆறாதுங்க. அந்தச் சூட்டுலயே கட்டி வளரவும் செய்யும். உங்க பீடிக்கும் இதுல பங்கு இருக்கு” என்றார் ஷைலஜா. சட்டைப்பையில் இருந்த பீடிக்கட்டு அன்றே குப்பைத்தொட்டிக்குப் போனது.

இரண்டாம் வாரம்தான் தப்பு நடந்தது. முதல் மருந்துக்குப் பிறகு ஒன்றுக்குப் போனால் எரிந்தது. எரிந்தால் இளநீர் குடிப்பதுதானே வழக்கம்? காலையில் இரண்டை வெட்டிக் குடித்துவிட்டு வந்து படுத்தார். நாற்பதாவது நிமிடம் கழிவறைக்கு ஓடினார், இரண்டு மணி நேரம் உள்ளே நிற்க வேண்டிய மருந்தும் போயிற்று. யாரிடமும் சொல்லவில்லை. நேரம் குறிக்கும் நோட்டில் ‘இரண்டு மணி’ என்று எழுதப் பேனாவைத் திறந்தார், கை ஓடவில்லை. நீர்மட்டத்தை ஓர் அங்குலம்கூடக் கூட்டி எழுதாத கை அது. அந்தக் கட்டம் வாரம் முழுக்க வெறுமையாகக் கிடந்தது. மூன்றாம் வாரம் நோட்டை நர்ஸ் நுஸைபாவிடம் நீட்டிவிட்டார்.

“நாப்பது நிமிஷத்துல ஷட்டர் தூக்கிடுச்சும்மா.”

நுஸைபா தலையில் அடித்துக்கொண்டார். “நாலு மணி நேரம் முன்னாடியே தண்ணி கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனேங்கய்யா! எளநி மட்டும் தண்ணி இல்லியா?”

“அது வைத்தியம்னுல்ல நெனச்சேன்.”

அன்று ஒரு சொட்டு குடிக்காமல் இரண்டு மணி நேரம் முழுதாகத் தாங்கினார். சாயங்காலம் உடம்பு சுட்டது. நூறு டிகிரி. “தங்கம், மணி அடிச்சிடுச்சுடி!” என்று கூவினார். மனைவி தங்கம்மாள், வெளியேறும் மருந்துக் கிருமி சாக டாக்டர் சொன்னபடி கழிவறையில் பிளீச்சிங் பவுடர் கொட்டிக்கொண்டிருந்தார். “காச்சலுக்குக் கூத்தாடுற மனுசன இங்கதான் பாக்குறேன். ஆத்துக்கு நீங்க லஸ்கரு, கக்கூசுக்கு நான் லஸ்கரா?”

போனில் ஷைலஜா அடக்கப் பார்த்தார். “காய்ச்சல் வந்தாத்தான் வேலை செய்யுதுன்னு இல்லீங்க. ஏறினா உடனே வந்துடுங்க.” சரிங்கம்மா என்றவரின் குரலில் குதூகலம் இறங்கவே இல்லை.

ஆறு முறையும் முடிந்து, ஆறு வாரம் கழித்து, கேமரா குழாய் விட்டுப் பார்த்தார்கள். திரையில் இளஞ்சிவப்பாக ஒரு சுவர். ஷைலஜா மூலை மூலையாகக் காட்டினார். முன்பு சிவந்த திட்டு இருந்த இடத்தை அமிர்தலிங்கம், துரும்பு நகர்கிறதா என்று பார்ப்பது போலக் கண்கொட்டாமல் பார்த்தார்.

“சுத்தமா இருக்குங்க. பை உங்களோடதான். மருந்து மட்டும் இன்னும் விட்டுவிட்டுப் போட்டுக்கணும், மூணு மாசத்துக்கு ஒருக்கா வந்து பாத்துக்கணும்.”

குழாயை எடுத்ததும் அமிர்தலிங்கம் கடிகாரத்தைப் பார்த்தார். வலப்பக்கம், சுவரை நோக்கிப் புரண்டு படுத்துக்கொண்டார்.

“ஐயா, இன்னிக்கு மருந்து விடலீங்க. எந்திரிக்கலாம்” என்றார் நுஸைபா.

“கால் மணி ஆவட்டும்மா.”

சுவரைப் பார்த்தபடியே ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கடிகாரம் கட்டிய கையை மட்டும் பின்னால் தூக்கிக் காட்டினார்.