ஓடைக்கரையில் ஒரு சுறாப் பல்

திருப்பதியில் ஒரு பல் மருத்துவமனையில் உதவியாளராக இருக்கிறேன். கடைவாய்ப்பல் பிடுங்கிக்கொள்ள வந்த ஒரு நிலவியல் பேராசிரியர், ஊசி போட்டுக்கொண்டு வாய் மரத்துப்போகக் காத்திருந்தபோது என் ஊரைக் கேட்டார். விஜயபுரம் பக்கம் என்றேன். வாய் கோணியிருந்தும் மனிதர் விடவில்லை.

"அந்தப் பக்கம் ஒரு காலத்துல கடல் இருந்ததும்மா. பெரிய மழை பேஞ்சு ஓடைக்கரை அறுத்துக்கிட்டா போய்ப் பாருங்க. இலை அச்சு கிடைக்கும், சிப்பி கிடைக்கும். அதிர்ஷ்டம் இருந்தா சுறாப் பல்லே கிடைக்கும்."

வீட்டில் சொன்னதும் கணவர் சிரித்தார். "கடலு பழவேற்காட்டுல கீது. இங்க வேர்க்கடலதாம்மே கீது."

கார்த்திகையில் புயல் மழை பிடித்துக்கொண்டது. பஸ் ஓடவில்லை, நானும் வேலைக்குப் போகவில்லை. மழை விட்ட காலையில் வேர்க்கடலைக் கொல்லையின் வரப்பைப் பார்க்க இருவரும் போனோம். வரப்பு தப்பித்திருந்தது. ஆனால் பக்கத்து ஓடை தன் கரையைப் பிய்த்துக்கொண்டு போயிருந்தது. உள்ளேயிருந்து வெளிர்மஞ்சள் களிமண்ணும் கூழாங்கல்லும் தெரிந்தன. நான் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன்.

"பாத்து, வழுக்கிக்கினு கீது" என்றபடி அவரும் பின்னால் வந்தார்.

முதல் இலையைக் கண்டெடுத்தது அவர்தான். கையில் எடுத்த களிக்கல் ஏடுபோலப் பிரிந்தது. உள்ளே ஒரு ஓலையின் அச்சு, நரம்பு நரம்பாக. அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை. என்னைவிட வேகமாகத் தேட ஆரம்பித்தார்.

வெயில் ஏறிய நேரத்தில், கூழாங்கற்களுக்கு நடுவே புளியங்கொட்டை நிறத்தில் ஒன்று மினுங்கியது. கல்லின் மினுக்கு இல்லை அது. தினமும் பார்க்கிற மினுக்கு, எனாமல். குனிந்து எடுத்தேன்.

"மாமா, இது பல்லு."

விரலால் தடவிப் பார்த்தவர் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். "இன்னும் கூரா கீதும்மே!"

பிறகு நிமிர்ந்து பனைமரத்தின் உச்சியைப் பார்த்தார். "இங்க தண்ணி எவ்ளோ ஒசரம் நின்னுக்கினு இருந்திருக்கும்?"

நானும் அண்ணாந்து பார்த்தேன். எங்கள் தலைக்கு மேலே இருந்த அத்தனை காற்றும் ஒரு கணம் தண்ணீராகத் தெரிந்தது. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டேன்.

பஸ் ஓட ஆரம்பித்ததும் திருப்பதியில் பேராசிரியரின் கல்லூரிக்கு அதை எடுத்துப்போனேன். அவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கோடிக்கணக்கான வருஷம்மா" என்றார் கடைசியில்.

"அது எங்க ஊர்லயா செத்துது சார்?"

"சாகணும்னு இல்லம்மா. சுறாவுக்குப் பல் விழுந்துக்கிட்டே இருக்கும், புதுசு முளைச்சுக்கிட்டே இருக்கும். எதையோ கடிச்சிருக்கும், ஒண்ணு உதிர்ந்திருக்கும், அது பாட்டுக்குப் போயிருக்கும்."

பல்லைக் கல்லூரியிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டேன். ஊர் திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அறுத்த வயல்களுக்கு மேலே நிதானமாக வாலை அசைத்துக்கொண்டு அந்தச் சுறா போவதைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.