ஏழாவது பாட்டில் கேட்ட அடி

பழைய ராக் பேண்ட் ஒன்று இருக்கிறது, அதை முதல்முறை கேட்கப் போகிறவர்களுக்கு அதன் பாட்டுகளைப் பொறுக்கிப் போட்ட மலிவு விலை சிடி தொகுப்பு போதுமா என்று யாராவது என்னைக் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். ஃபேஸ்புக்கில் இசையைப் பற்றி அவ்வப்போது ஏதாவது கிறுக்குகிறேன் என்பதால் கேட்கிறார்கள். பாவம், அவர்களுக்கு என்ன தெரியும். போதாது, முழு ஆல்பத்தையே வாங்குங்கள் என்று ஒரு வரியில் முடித்துக்கொள்வேன். காரணம் கேட்டால் பதில் போட மாட்டேன். எத்தனை நாள்தான் அப்படி நழுவுவது, இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறவன் நான். பட்டாசு லேபிள், காலண்டர், பாட்டு சிடியின் அட்டை என்று எது வந்தாலும் அதில் தப்பு கண்டுபிடித்து எல்லாரிடமும் கெட்ட பெயர் வாங்குவதுதான் வேலை. என் மனைவி விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் கிஃப்ட் பாக்ஸ் அடுக்குகிறாள். கம்பி மத்தாப்பு, சங்குசக்கரம், புஸ்வாணம், வெடி என்று வகைக்குக் கொஞ்சமாக ஒரே பெட்டியில் போட்டு மூடுகிற வேலை.

கம்பெனிக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. கேட்டிலேயே வாட்ச்மேனிடம் கொடுத்துவிட வேண்டும். அதனால் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு வைத்திருந்தோம். மதியம் சாப்பாட்டுக்கு வெளியே வரும்போது எனக்கு ஒரு மிஸ்டு கால், சாயங்காலம் வேலை விட்டதும் இன்னொன்று. நடுவில் உள்ள நேரத்துக்கு என் காதுதான் காவல். கம்பெனிக்காரர்கள் சாம்பிள் வெடித்துப் பார்க்கிற சத்தம் வேறு, விபத்தில் கம்பெனியே வெடிக்கிற சத்தம் வேறு. அது தரை வழியாக வந்து காலில் ஏறும். கேட்ட நொடியில் ஊரே தெருவுக்கு வந்து புகை எந்தப் பக்கம் என்று பார்க்கும். நான் பார்க்கக்கூட நிற்க மாட்டேன், வண்டியை எடுத்திருப்பேன். கல்யாணமானதிலிருந்து, நான் சொல்லப்போகிற அந்த நாள் வரை ஒன்றைக்கூடத் தவறவிட்டதில்லை. என் வீட்டுக்காரருக்குப் பாம்புக் காது என்று அவள் கூட வேலை பார்க்கிறவர்களிடம் பெருமையடிப்பாளாம். அந்தத் தைரியத்தில்தான் அவள் உள்ளே போய் உட்கார்ந்தாள்.

தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்தபோது, வெளியூர் ஆடியோ கம்பெனி ஒன்று அந்தத் தொகுப்புக்கு அட்டை அடிக்க ஆர்டர் கொடுத்தது. கூடவே ஒரு சாம்பிள் டிஸ்க்கும் வந்தது. அட்டையில் உள்ள வரிசையில்தான் பாட்டு வருகிறதா, நேரம் சரியா என்று நான் கேட்டுச் சொல்ல வேண்டும். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மெஷின்கள் ஓடுகிற இரைச்சலில் ஒன்றும் கேட்காது என்று, காதை முழுசாக மூடும் பெரிய ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டேன். மதிய மிஸ்டு கால் வந்து அரைமணி நேரம் ஆகியிருந்தது. இப்போதுதானே வந்தது என்று ஒரு அசட்டுத் துணிச்சல்.

பின்னால் வந்த எத்தனையோ பேர் இந்த பேண்டைப் பார்த்துத்தான் கிடார் பிடிக்கவே கற்றார்கள் என்று படித்திருந்தேன். கேட்டதில்லை. பொய் சொல்வானேன், சொக்கிப்போனேன். முதல் ஆறு பாட்டும் அதிரடி. மெதுவாக ஆரம்பிப்பார்கள், மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கும்போதே டிரம்காரன் ஓங்கி ஒரு போடு போடுவான். மூன்றாவது பாட்டுக்கே அது பழகி, எப்போது வரும் என்று காத்திருக்க ஆரம்பித்துவிட்டேன்.

ஏழாவது பாட்டில் ஒரே ஒரு கிடார். அதன்மேல் ஒரு தாழ்ந்த குரல். சட்டென்று விழுந்தது அடி. மேஜை அதிர்ந்தது, டீ கிளாஸ் நகர்ந்தது, எனக்குப் புல்லரித்தது. அடேயப்பா, என்னமா அடிக்கிறான் என்று சிரித்தேன். சிரித்தேன் என்பதைத்தான் இன்றுவரை என்னால் செரிக்க முடியவில்லை.

பாட்டை முடிய விட்டு, நேரத்தைக் குறித்துக்கொண்டு, அந்த அடியை இன்னொரு தடவை கேட்க ஆசைப்பட்டு மறுபடி போட்டேன். அந்த இடம் வந்தது, போயிற்று. அடி வரவில்லை. தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்தேன். கிடார் இருக்கிறது, குரல் இருக்கிறது, அடியைக் காணோம்.

ஹெட்ஃபோனைப் பிடுங்கினேன். மெஷின் சத்தமும் இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் இல்லை. தாள் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக நின்றது. வாசலுக்கு ஓடினேன்.

எல்லாரும் தெருவில் நின்றார்கள். புகை விஸ்வநத்தம் பக்கம். மெஷின் ஓட்டுகிறவர் என்னைப் பார்த்ததும் திகைத்தார்.

"அண்ணாச்சி, நீங்க இன்னுமா போகல? அப்பவே கெளம்பிருப்பீகன்னுல்ல நெனச்சேன்."

அவள் நம்பருக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. அது கேட்டில் வாட்ச்மேனின் தகரப் பெட்டிக்குள் அடிக்கிறது என்று எனக்குத் தெரியும். அவள் இருந்தாலும் அடிக்கும், இல்லாவிட்டாலும் அடிக்கும். வண்டியை ஓட்டிக்கொண்டே திரும்பத் திரும்ப அடித்தேன். வழியில் போலீஸ் மறித்தது. ஆம்புலன்ஸ் ஒன்று எதிரே வந்தது, அதற்குள் யார் என்று எட்டிப் பார்த்தேன். கோயில் வாசலை மிதிக்காத நான் இருக்கன்குடி மாரிக்கு நேர்ந்துகொண்டேன். என்ன நேர்ந்தேன் என்றுகூட நினைவில்லை, என்னவெல்லாம் தெரியுமோ அத்தனையையும் சொன்னேன்.

வெடித்தது பக்கத்துக் கம்பெனி. ரோட்டோர வேப்பமரத்தடியில் பெண்கள் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் அவளும் இருந்தாள், தலையெல்லாம் தூசி. என்னைக் கண்டதும் எழுந்து வந்து சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள்.

"சத்தம் கேட்டதும் கெளம்பிட்டீகளா?"

ஆமா, வழியில் மறித்துவிட்டார்கள் என்றேன். அவள் மற்றவர்கள் பக்கம் திரும்பி, பாத்தீகளா, நான் சொன்னேன்ல என்றாள். எனக்கு அங்கேயே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. பக்கத்துக் கம்பெனியில் வீடு திரும்பாதவர்களைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

விசாரணைக்காக அவள் கம்பெனியையும் சில வாரம் மூடினார்கள். பிறகு திறந்தார்கள். அவளும் போனாள். போகாதே என்று நான் தடுக்கவில்லை, என் ஒரு சம்பளத்தில் குடும்பம் ஓடாது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

கம்பெனி மூடியிருந்த அந்த நாட்களில்தான் முழு ஆல்பத்தையும் தேடிக் கேட்டேன். தொகுப்பில் ஏழாவதாக வந்த பாட்டு அதில் மூன்று மடங்கு நீளம். டிரம் வருகிறது, ஆனால் யாரோ பக்கத்து அறையில் நடக்கிற மாதிரி மெதுவாக. ஓங்கி அடிப்பது முதலிலிருந்து கடைசிவரை இல்லை. முன்னும் பின்னும் உள்ள பாட்டுகளும் அப்படித்தான். இந்த டிரம்காரன் பெரும்பாலும் அடிக்காமல்தான் இருக்கிறான். தொகுப்புக்காரர்கள் கிஃப்ட் பாக்ஸ் போடுகிற மாதிரி சத்தமுள்ளதாகப் பொறுக்கி முன்னால் அடுக்கி, இதையும் வெட்டிச் சொருகிவிட்டார்கள். முழு ஆல்பம் கேட்டவனாக இருந்திருந்தால் அந்த அடி அவனுடையது இல்லை என்று அந்த நொடியே தெரிந்திருக்கும். போதாது என்று நான் சொல்வது இதனால்தான். டிஸ்க்கின்மேல் பழியைப் போட்டுத் தப்பிக்கப் பார்க்கிறேன் என்பதும் எனக்குத் தெரிகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி லீவு. வீட்டில் நான் அச்சகத்து ஹெட்ஃபோனைக் கொண்டுவந்து கேட்டுக்கொண்டிருந்தபோது, அப்படி என்னதான் இருக்கிறது அதில், கொடுங்க என்றாள். கொடுக்க மனசில்லாமல் கொடுத்தேன். மாட்டிக்கொண்டு கண்ணை மூடினாள். அடுப்பில் குக்கர் விசில் அடித்தது. அவள் அசையவில்லை. இரண்டாவது விசிலும் அடித்தது. நான் எழுந்துபோய் அடுப்பை அணைத்ததைப் பார்த்ததும் கழற்றினாள்.

"விசில் அடிச்சதா? எனக்கு ஒண்ணுமே கேக்கலையே."

சொல்லிவிட்டுக் கையில் இருந்ததையே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அன்னைக்கு லேட்டா வந்தீகளே, இதத்தான் மாட்டியிருந்தீகளா?"

தலையை ஆட்டினேன். அவள் திட்டியிருந்தால் தேவலை. எழுந்துபோய்ச் சோற்றை இறக்கினாள், பரிமாறினாள், தானும் சாப்பிட்டாள். மறுநாள் காலையில் கம்பெனி வேன் ஹாரன் அடித்தபோது சாப்பாட்டுத் தூக்கோடு வாசலில் நின்று திரும்பினாள்.

"பாட்டு கேளுங்க, வேணாங்கல. ஒரு காத மட்டும் மூடிக்கிடுங்க. இன்னொண்ணு எனக்கு வேணும்."

அன்றிலிருந்து வலது காதில் மட்டும்தான் கேட்கிறேன். அந்த பேண்டில் இடது காதுக்கென்று யார் என்ன வாசிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது.